வால்மீன் எங்கிருந்து வருகிறது? யாருமே பார்க்காத ஊர்ட் மேகத்தை எப்படி நம்புவது?

மேடவாக்கம்_மாடி

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் சாயங்காலம் மேற்கே தெரிந்ததே, அதற்காக நானும் என் மகளும் ஒரு வாரம் மாடிக்கு ஏறி இறங்கினோம். சரியாக அந்த வாரம்தான் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் காரையெல்லாம் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதே வாரம். ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை.

"மறுபடி எப்போப்பா வரும்?" என்றாள். அநேகமாக வரவே வராது என்றேன். "அப்போ எங்கேருந்து வந்துச்சு?" ஊர்ட் மேகம் என்று படித்ததைச் சொன்னேன். "அதை யாரு பார்த்தாங்க?"

இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். தேடிப் பார்த்தால் யாரும் பார்த்ததில்லையாம். எந்தத் தொலைநோக்கியிலும் தெரிந்ததில்லை, எந்த விண்கலமும் அங்கே போனதில்லை. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் சூரியக் குடும்பத்தைச் சுற்றி ஒரு பெரிய உருண்டை வரைந்து பெயரும் எழுதியிருக்கிறார்கள். இப்போது அவள் எட்டாம் வகுப்பு, இன்னும் அந்தக் கேள்வியை விடவில்லை. "பெரியவங்க சொல்லிட்டாங்க, நம்பு" என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள், எவ்வளவு நீளமானாலும் படிக்கிறேன்.

பெரம்பூர்_வானோக்கி

சார், முதலில் அது எவ்வளவு தூரம் என்பதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏன் யாரும் பார்க்கவில்லை என்பது பாதி அதிலேயே விளங்கும்.

மெரினா கலங்கரை விளக்கத்தடியில் ஒரு கொண்டைக்கடலையை வையுங்கள், அதுதான் சூரியன். பூமி ஒரு மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாவுத்துகள். ஐந்து மீட்டரில் ஒரு சின்னக் கடுகு, அது வியாழன். நெப்டியூன் 30 மீட்டரில். அதாவது மூன்று மாநகரப் பேருந்தை வரிசையாக நிறுத்தினால் அந்த நீளத்துக்குள் எல்லாக் கிரகமும் அடங்கிவிடும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1, மனிதன் அனுப்பியதிலேயே அதிக தூரம் போனது, இந்தக் கணக்கில் இன்னும் 200 மீட்டரைத் தொடவில்லை.

ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பு உழைப்பாளர் சிலைப் பக்கம் எங்கோ தொடங்குகிறது. புது வால்மீன்கள் பெரும்பாலும் கிளம்பி வரும் இடம் மாமல்லபுரம். வெளிவிளிம்பு மேல்மருவத்தூரையும் தாண்டி. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரி ஓசூரில் இருக்கிறது, ரோடு கணக்கு இல்லை, நேர்கோட்டில். இடையில் உள்ள அத்தனை வெட்டவெளியிலும், இந்த அளவில் நுண்ணோக்கியில்கூடத் தெரியாத பனிக்கட்டித் துணுக்குகள், ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில். மேகம் என்ற சொல்லே தப்பான படத்தைத் தருகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி அங்கே போய் மங்க வேண்டும், பட்டுத் திரும்பி இங்கே வரும்போது மறுபடி மங்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நெப்டியூன் பக்கத்தில் இருக்கும் பனிக்கட்டியைப் பிடிக்கவே பெரிய தொலைநோக்கி வேண்டியிருக்கிறது, இது அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் தூரம்.

தரமணி_கணக்கு

சார் தூரத்தைச் சொல்லிவிட்டார், நான் "எப்படித் தெரியும்" என்பதற்கு வருகிறேன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் நீளமாகத்தான் வரும்.

ஒரு வால்மீனை மூன்று இரவாவது பார்த்து, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களுக்கு நடுவே அது நின்ற இடத்தைக் குறித்தால், சூரியனைச் சுற்றி அது போகும் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். நாள் கூடக் கூடத் துல்லியம் கூடும். இப்படிக் கணக்கிட்ட பாதைகளில் சில, இனி சூரியப் பிடியிலிருந்து விடுபட்டு ஒரேயடியாக வெளியே போய்விடும் என்று காட்டும். அதைப் பார்த்து இவை வேற்று நட்சத்திரங்களிலிருந்து வருகின்றன என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் உள்ளே வரும் வழியில் வியாழனும் சனியும் அதை இழுத்திருக்கும் அல்லவா? அந்த இழுப்பை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழித்தால் மிஞ்சுவதுதான், அது கிளம்பியபோது இருந்த பாதை.

1950-இல் நெதர்லாந்தின் லைடனில் இருந்த யான் ஊர்ட், அப்படி நன்றாகக் கழித்துக் கணக்கிடப்பட்ட 19 நீள்சுற்று (ஒரு சுற்றுக்கு மிக நீண்ட காலம் எடுக்கும்) வால்மீன்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கழித்த பிறகு பார்த்தால் எல்லாமே சூரியனுக்குக் கட்டுப்பட்டவை. அதிலும் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான தூரத்திலிருந்து, பூமி-சூரிய தூரத்தைப் போலப் பல பத்தாயிரம் மடங்கு தள்ளியிருந்து விழுந்திருக்கின்றன. வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன, கிரகங்கள் சுற்றும் தளத்தை மட்டும் ஒட்டி அல்ல. அதனால்தான் உருண்டை.

இப்போது அசல் விஷயம். ஒரு வால்மீன் ஒருமுறை கிரகங்களுக்கு நடுவே வந்துபோனாலே வியாழன் அதன் பாதையைக் கணிசமாக மாற்றிவிடும். சிலது சின்னச் சுற்றாகும், சிலது ஓடியே போய்விடும். ஆகவே பழைய வால்மீன்களின் தூரங்கள் சிதறித்தான் கிடக்க வேண்டும், ஒரே இடத்தில் குவிய வழியில்லை. குவிந்திருக்கின்றன என்றால் இவை முதல்தடவையாக உள்ளே வருபவை. சூரியக் குடும்பத்துக்கு 460 கோடி வயது, இன்றைக்கும் முதல்தடவை வருபவை வருகின்றன என்றால் வெளியே தீராத ஒரு இருப்பு இருந்தே ஆக வேண்டும். மகளிடம் இதைச் சொல்லுங்கள். மேகத்தை யாரும் பார்க்கவில்லை, அங்கிருந்து வருபவை எந்தத் தூரத்திலிருந்து வருகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

(எஸ்டோனியாவின் எர்ன்ஸ்ட் ஓப்பிக் 1932-லேயே இப்படி ஒரு தொலைதூர இருப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.)

கொரட்டூர்_தேவி

நான் அறிவியல் ஆசிரியை. தம்பி விளக்கியது தெளிவாக இருந்தது, ஆனால் 19-ஐ வைத்துக்கொண்டு லட்சம் கோடி வால்மீன்கள் இருக்கின்றன என்று முடிவுகட்டுவது எனக்கு உறுத்துகிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை 19 பேரைக் கேட்டுவிட்டு ஊருக்கே கருத்துச் சொன்னால் நான் விடமாட்டேன். அதோடு நம் புத்தகங்களில் அந்த உருண்டையைக் கிரகங்களைப் போலவே அழுத்தமாகக் கோடு போட்டு வரைகிறார்கள், பிள்ளைகள் அதைச் சுவர் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். எது கண்டது, எது கணித்தது என்ற வித்தியாசம் படத்திலேயே தெரிய வேண்டும், குறைந்தபட்சம் புள்ளிக்கோடாவது போட வேண்டும்.

தரமணி_கணக்கு

அக்கா சொல்வது முழுக்கச் சரி, புள்ளிக்கோடுதான் போட வேண்டும்.

19 என்பது 1950 கணக்கு. இன்று நூற்றுக்கணக்கான வால்மீன்களுக்கு இதே வேலையைச் செய்தாயிற்று, அந்தக் குவியல் கலையவில்லை. தூரம் மட்டும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது, பூமி-சூரிய தூரத்தைப் போலச் சுமார் 50,000 மடங்கு என்கிறார்கள். குவியல் உறுதி. ஆனால் எண்ணிக்கை அப்படி இல்லை, லட்சம் கோடி என்பதெல்லாம் வருடத்துக்கு இத்தனை வருகின்றன என்பதிலிருந்து பெருக்கிப் போட்ட மதிப்பீடு, அதில் பல மடங்கு மேலே கீழே போகலாம். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒருமுறை வந்துபோனவை திரும்பவும் வர வேண்டும் அல்லவா, அப்படித் திரும்புபவை கணக்குப்படி வர வேண்டியதைவிட ரொம்பக் குறைவாகத்தான் கண்ணில் படுகின்றன. முதல்தடவை வரும்போதே மேல்பனி ஆவியாகி மங்கிவிடுகின்றன அல்லது உடைந்துவிடுகின்றன என்பதுதான் பதில், ஊர்ட்டே 1950-இல் அதைச் சொல்லித்தான் சமாளித்தார். இன்றுவரை அந்தப் பகுதி முழுசாகத் தீரவில்லை.

வேற்று நட்சத்திரத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதும் இப்போது தெரியும். 2019-இல் போரிசோவ் வந்தது, 2025-இல் 3ஐ அட்லஸ் வந்தது. அவற்றின் பாதையைப் பார்த்தால் கொஞ்சமும் சந்தேகம் வராது, சூரியன் இழுத்தும் பெரிதாக வளையாமல் விர்ரென்று போகின்றன. 3ஐ அட்லஸ் நம் பக்கம் வருவதற்கு முன்பே நொடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஊர்ட் மேகத்து வால்மீன் அவ்வளவு தூரத்தில் என்ன வேகத்தில் போகும் தெரியுமா? பூமிக்குப் பக்கம் வரைக்கும் வந்துபோகும் ஒன்று, தன் தூரக்கோடியில் நொடிக்கு ஒரு மீட்டர்கூடப் போகாது. மெரினாவில் காலையில் வாக்கிங் போகிறவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள்.

மேடவாக்கம்_மாடி

நொடிக்கு ஒரு மீட்டரா! இதை இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவ்வளவு தூரத்தில் நிம்மதியாகக் கிடப்பது ஏன் திடீரென்று உள்ளே விழ வேண்டும்? யார் தள்ளுகிறார்கள்?

தரமணி_கணக்கு

அந்த மெதுவான வேகத்திலேயே பதில் இருக்கிறது. மாமல்லபுரத் தூரத்தில் ஒன்று வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் நொடிக்கு 130 மீட்டர் போலப் பக்கவாட்டு வேகம் வேண்டும். அது குறையக் குறைய உள்ளே சாய்ந்து விழும். சூரியப் பிடி அங்கே அவ்வளவு பலவீனம் என்பதால் நம் பால்வீதி மொத்தமும், அந்தத் தட்டு முழுவதிலும் உள்ள நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்து, இழுக்கும் இழுப்பே அந்தப் பக்கவாட்டு வேகத்தைப் பல லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. கடல் ஓதம் எப்படி நிலவால் வருகிறதோ அந்த வகை இழுப்புதான், அளவு மட்டும் வேறு. இது எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. எப்போதாவது ஒரு நட்சத்திரம் பக்கத்தில் போனாலும் ஒரு கலக்கு கலக்கும். சுமார் 70,000 ஆண்டுக்கு முன் ஷோல்ஸ் நட்சத்திரம் என்ற சின்னச் சிவப்பு நட்சத்திரம் சுமார் ஒரு ஒளியாண்டுத் தூரத்தில் கடந்துபோயிருக்கிறது, அதுவும் இப்படித்தான் பின்னோக்கிக் கணக்கிட்டது.

விழத் தொடங்கினாலும் நம்மிடம் வந்துசேர சுமார் 20 லட்சம் ஆண்டு ஆகும். உங்கள் மழைவாரத்தில் வந்த வால்மீன் கிளம்பியபோது நம் இனமே இல்லை.

பெரம்பூர்_வானோக்கி

தம்பி, எல்லா வால்மீனும் ஊர்ட் மேகம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என்கே வால்மீன் 3.3 வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ரோசெட்டா விண்கலம் 2014-இல் போய்ச் சேர்ந்த 67பி ஆறரை வருடத்துக்கு ஒருமுறை. இந்த மாதிரிக் குறுஞ்சுற்று வால்மீன்களில் பெரும்பாலானவை கிரகங்கள் போகும் தளத்தை ஒட்டி, கிரகங்கள் போகும் திசையிலேயே போகின்றன. உருண்டையிலிருந்து வந்தால் எல்லாப் பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும், தலைகீழாகச் சுற்றுபவையும் சரிபாதி இருக்க வேண்டும். 1980-இல் உருகுவேக்காரர் ஹூலியோ பெர்னாண்டஸ் நெப்டியூனுக்கு அப்பால் தட்டையான ஒரு வளையம் இருந்தால்தான் இது பொருந்தும் என்றார். 1988-இல் டங்கன், குவின், ட்ரெமெய்ன் மூவரும் கணினியில் ஓட்டிப் பார்த்து அதையே சொன்னார்கள். 1992 ஆகஸ்டில் ஹவாயில் ஜூயிட்டும் ஜேன் லூவும், புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் விட்டால், அங்கே முதல் பொருளைக் கண்டே பிடித்துவிட்டார்கள். அதுதான் கைப்பர் பட்டை. ஆக மேடவாக்கம் சார், கணக்கு மட்டும் போட்டு "அங்கே ஒன்று இருக்க வேண்டும்" என்று சொன்னது ஒருமுறை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஊர்ட் மேகத்தை நான் நம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பட்டையிலும் அமைதியாகச் சுற்றுபவை அங்கேயேதான் இருக்கும். 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்த அரோகாத் அப்படி ஒன்று, பிறந்தபடியே கிடக்கிறது. நெப்டியூனால் சிதறடிக்கப்பட்டு நீளமான பாதையில் போகும் கூட்டம் தனியாக உண்டு, அங்கிருந்துதான் குறுஞ்சுற்று வால்மீன்கள் வருகின்றன. நெப்டியூன் இழுத்து யுரேனஸிடம் விடும், யுரேனஸ் சனியிடம், சனி வியாழனிடம். தண்ணீர் லாரி வந்ததும் குடங்கள் கை மாறிக் கை மாறி மூன்றாவது மாடிக்குப் போகுமே, அப்படி. வழியில் பாதிக்கு மேல் சிந்தியும் போகும், வெளியே தூக்கி எறியப்படும். 1977-இல் கண்டுபிடித்த கைரான் இப்போது சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் அப்படிக் கைமாறிக்கொண்டிருப்பது. 67பி-யை 1959-இல்தான் வியாழன் கடைசியாக உள்ளே தள்ளியது, பத்து வருடத்தில், 1969-இல் மனிதர் கண்ணில் பட்டுவிட்டது.

ஹாலி இரண்டிலும் சேராது. 76 வருடச் சுற்று, ஆனால் தலைகீழாகச் சுற்றுகிறது, ஆகவே ஊர்ட் மேகத்திலிருந்து வந்து கிரகங்களிடம் சிக்கியது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. 1986-இல் கல்லூரி நண்பர்களோடு பைனாகுலரில் அதைப் பார்த்தேன், மங்கலாகத்தான் இருந்தது. 1997 ஏப்ரலில் ஹேல்-பாப் வந்தபோது பெரம்பூர் மாடியிலிருந்து வெறுங்கண்ணாலேயே வடமேற்கில் வாலோடு தெரிந்தது, என் அம்மா தினமும் சாயங்காலம் மேலே வந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார்.

கொரட்டூர்_தேவி

அப்படியானால் ஊர்ட் மேகம் அங்கேயே உருவானதா? அவ்வளவு தூரத்தில் ஒன்றுமே இல்லாத வெளியில் பனிக்கட்டி எப்படிச் சேர்ந்து உருளும்? இதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

தரமணி_கணக்கு

அங்கே பிறக்கவே இல்லை அக்கா. இந்த இழையில் யாராவது ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் போனால் இதை எடுத்துப் போகட்டும் என்று நினைக்கிறேன். "எங்கிருந்து வருகிறது" என்பதில் இரண்டு கேள்வி இருக்கிறது, பிறந்த ஊர் ஒன்று, குடியிருந்த ஊர் ஒன்று.

பிறந்தது வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் இருக்கும் பக்கம்தான், அதற்குச் சற்று வெளியேயும். கிரகங்கள் உருவானபோது மிஞ்சிய பனியும் தூசியும் சேர்ந்த உருண்டைகள். அவற்றை அந்தப் பெரிய கிரகங்களே விரட்டின. வியாழன் தூக்கி எறிந்தவற்றில் பெரும்பகுதி சூரியனைவிட்டே போய்விட்டது, எங்கெங்கோ நட்சத்திரங்களுக்கு நடுவே அலைகிறது. மெதுவாக வெளியே தள்ளப்பட்டவை, போகிற போக்கில் பால்வீதியின் அதே இழுப்பால் பக்கவாட்டு வேகம் பெற்று, திரும்பி விழாமல் அங்கேயே தங்கிவிட்டன. வெளியே நிறுத்தி வைத்த அதே கைதான் பிறகு உள்ளே தள்ளிவிடவும் செய்கிறது. சூரியன் பிறந்தபோது கூடப் பிறந்த நட்சத்திரங்களிடமிருந்தும் கொஞ்சம் வந்து ஒட்டியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பிறந்த இடத்துக்குக் கையில் எடுத்த சாட்சியும் உண்டு. 2006 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்மீனின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தது. பனிக்கட்டி உருண்டையின் தூசிக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டில் வெந்த கனிமங்கள் இருந்தன. அவை சூரியனுக்குப் பக்கத்தில் உருவாகி வெளியே போய்ப் பனியோடு கலந்திருக்க வேண்டும். முதலில் படித்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய_மெட்ராஸ்

வானியல் எனக்கு அவ்வளவு வராது, நான் இந்த ஊரின் பழைய விஷயங்களைத் தேடிப் படிப்பவன். ஆனால் தரமணி தம்பி "மூன்று இரவாவது" என்று எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792-இல் மெட்ராஸ் வானாய்வகம் வந்தது. பழைய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அங்கே 1861 முதல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தார். அப்போது பியலா என்று ஒரு வால்மீன், 1846-இல் இரண்டாக உடைந்தது, 1852-இல் ஜோடியாக வந்தது, பிறகு காணாமலே போய்விட்டது. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகல் மழையாகக் கொட்டியது. பியலாவே பூமியை உரசிப்போனது என்று நினைத்த ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார், தெற்கு வானத்தில் செண்டாரஸ் பக்கம் தேடுங்கள் என்று. அந்தப் பகுதி அவர் ஊரிலிருந்து தெரியாது, நம் ஊரிலிருந்து தெரியும்.

போக்சன் டிசம்பர் முதல் வாரத்தில் விடியலில் தேடினார். உண்மையிலேயே ஒரு வால்மீன் இருந்தது! அடுத்த விடியலிலும் பார்த்தார். அப்புறம் டிசம்பர் மாதச் சென்னை, மேகமும் மழையும். மூன்றாவது தடவை பார்க்கவே முடியவில்லை. அது பியலா இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் இரண்டு நாள் குறிப்பை வைத்துப் பாதை போட முடியாததால் அது எது, எங்கிருந்து வந்தது என்பது இன்றைக்கும் தெரியாது.

மேடவாக்கம்_மாடி

ஐயா, இதை மகளிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நுங்கம்பாக்கத்துல மழைன்னா அப்போ வேற ஊர்ல யாராவது பார்த்திருக்கலாம்ல?" என்றாள்.

எல்லாருடைய பதிலையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவளுடைய நோட்டில் சூரியக் குடும்பப் படத்தை மறுபடி வரைந்தாள், கைப்பர் பட்டைக்கு முழுக்கோடு, ஊர்ட் மேகத்துக்குப் புள்ளிக்கோடு. தேவி டீச்சருக்குச் சொல்லச் சொன்னாள்.

பெரம்பூர்_வானோக்கி

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி சார். 1872-இல் அது எட்டு நாளில் ஏற்பாடு செய்கிற காரியமில்லை, நமக்கு அப்படி இல்லை. அடுத்து நல்ல வால்மீன் வரும்போது எல்லாரும் சென்னையிலேயே நிற்க வேண்டாம். நான் மாப்பிள்ளையோடு ஜவ்வாது மலைக்குப் போய்விடுகிறேன், காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கியை வைத்ததே அங்கே வானம் நன்றாக இருப்பதால்தானே. அந்த பாப்பு மெட்ராஸில் பிறந்தவர், 1949-இல் ஹார்வர்டில் படிக்கும்போது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். எங்கே யார் பார்த்தாலும் தேதி, மணி, பக்கத்து நட்சத்திரம், மூன்றையும் எழுதி இங்கே போடுங்கள்.

கொரட்டூர்_தேவி

என் தங்கை ஓசூரில் இருக்கிறாள், அவள் வீட்டு மொட்டை மாடியில் மேற்கு நன்றாகத் திறந்திருக்கும். கிழக்கு வேண்டுமென்றால் மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

தரமணி_கணக்கு

கிழக்கு நான். விடியற்காலை கோவளம் கடற்கரைக்கு பைக்கில் போய்விடுவேன். 2024 செப்டம்பர் கடைசியில் அங்கேதான் சூச்சின்ஷான்-அட்லஸைப் பார்த்தேன், பைனாகுலரில் ஏழு நிமிடம்.